நெற்றியில் ஒரு நெல்லிக்காய்

எங்கள் மகள் எங்களுக்கு நரை விழுந்த பிறகு பிறந்தவள். அவள் தும்மினாலே எனக்கு வியர்க்கும். மஸ்கெலியாக் குளிரில் அது சுலபமான காரியமல்ல.

மனைவி சாமான் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, நான் பால்மா கரைக்கத் திரும்பிய நேரத்தில் மகள் கட்டிலிலிருந்து விழுந்தாள். உடனே அழுதாள். இடது நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. கண்ணேறு படாமலிருக்கக் காலையில் மனைவி வைத்த மைப்பொட்டும் அதே இடத்தில்தான் இருந்தது.

குளிர்ந்த துணியை ஒற்ற வேண்டும் என்று படித்திருக்கிறேன். எங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் தேவையில்லை. வீட்டில் மென்மையான துணி என்றால், நான் சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி ஒன்றுதான். கிழித்து, நனைத்து, ஒற்றினேன்.

அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"பச்சத் தண்ணியா? சளி கட்டிக்கிரும் சார். எண்ணெயப் போட்டு நல்லாத் தேச்சு அமுக்குங்க. எங்க வீட்டு மூணும் அப்படித்தான் வளந்துச்சு."

"தேய்க்கக் கூடாதுக்கா."

"அப்ப எங்க மூணுக்கும் மண்டையில கோளாறா?"

மூன்று பேருக்கும் பள்ளிக்கூடத்தில் நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

துணியை எடுத்துப் பார்த்தேன். வீக்கத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது. மறுபடி ஒற்றி எடுத்தேன். கறுப்பு புருவம் வரை இறங்கியிருந்தது.

"உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிருச்சுக்கா."

அக்கா எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு எண்ணெயைப் பற்றி அவர் பேசவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவரே ஆட்டோவைக் கூப்பிட்டு, அவரும் ஏறிக்கொண்டார்.

வழி முழுக்க நான் துணியை எடுக்கவில்லை. எடுத்தால் கறுப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். மகள் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார்.

"வாந்தி எடுத்தாளா? மயங்கினாளா?"

"இல்ல டாக்டர். ஆனா கறுப்பு பரவிக்கிட்டே வருது."

அவர் ஈரப் பஞ்சால் நெற்றியைத் துடைத்தார். கறுப்பு முழுவதும் பஞ்சுக்கு வந்துவிட்டது. பஞ்சை என்னிடம் நீட்டினார்.

"மை, சார்."

சிவந்த நெல்லிக்காய் மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் மகளின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், மண்டையைத் தடவிப் பார்த்தார். "குளிர்ந்த துணி வச்சது சரி. தேய்க்காதீங்க, சூடு வைக்காதீங்க. வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழும்பாட்டாலோ உடனே கொண்டு வாங்க."

திரும்பும் வழியில் அக்கா கேட்டார்: "சார் வீட்டுல ஒரு வெள்ளத் துணி கூடவா இல்ல?"

மாலையில் வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொட்டு இல்லாமயா பிள்ளைய ரோட்டு வழியாத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள். பொட்டோடுதான் விழுந்தாள் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. நெற்றி வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினேன். புதுப் பொட்டை உள்ளங்காலில் வைத்தாள்.

வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. நான் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன். மகள் இதை ஒரு விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். நான் குனிந்தால் என் நெற்றியைத் தடவிவிட்டு, அடுத்து நான் தடவுவதற்காகத் தன் நெற்றியைக் காட்டுகிறாள்.