நாங்கள் வெட்டிய 'சாமி'

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். லோக்கல் சேனலில் மைக் பிடிப்பவளுக்கு அது ஆகாது. காதுகுத்து, கும்பாபிஷேகம், நகைக்கடைத் திறப்பு விழா என்று போகிற இடத்திலெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ராசிபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் எங்கள் சேனல் நடக்கிறது. ரொம்ப நாள் நச்சரித்த பிறகு முதலாளி ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். "ஊர்ப் பிரச்சினை எதையாச்சும் எடுங்க. ஆனா சண்டை வராம எடுங்க" என்றார். சண்டை வராத ஊர்ப் பிரச்சினை எங்கே கிடைக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முதல் படத்துக்கு ஒரு மினி பஸ் கிடைத்தது. வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காலையில் ராசிபுரம் போகும் அந்த பஸ் முதலில் காலனியைத் தாண்டும். தலித் குடும்பங்கள் இருக்கும் இடம் அது. அதற்கப்புறம்தான் ஊர். காலனியில் நிறுத்தினால் அங்கேயே சீட்டு நிறைந்துவிடும், ஊர்க்காரர்கள் நின்றுகொண்டு போக வேண்டும். அதனால் பஸ் காலனியில் நிற்காது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அந்த இடம் வந்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டுவார், அவ்வளவுதான். காலனி ஆட்கள் ஊர் நிறுத்தம் வரை நடந்து போய், எல்லாரும் ஏறி முடித்த பிறகு படியில் இடமிருந்தால் தொற்றிக்கொள்ளலாம்.

படத்தில் பேசக் காலனியிலிருந்து ஓர் அக்கா முன்வந்தார். ஊர்க்காரர் ஒருவரின் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றும் வேலை அவருக்கு. மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. பஸ் கிடைக்காமல் முதல் வகுப்பு அடிக்கடி தவறியது. கல்லூரியிலிருந்து கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார்கள். "இந்த மாசம் பாப்பேன். இல்லீனா எங்கூடப் பட்டறைக்கே இட்டுட்டுப் போயிருவேன்" என்று சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை, மகளும் அவரைப் பார்க்கவில்லை.

கேமராவுக்கு முன்னால் அக்கா அருமையாகப் பேசினார். "பஸ்ஸ நிறுத்துங்சாமினு கத்துவோம். பாத்துட்டேதான் போவாங்சாமி. நீங்களாச்சும் சொல்லுங்சாமி." எங்கள் பக்கத்தில் 'ங்க'வும் 'சாமி'யும் ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில்தான் வெளியே வரும்.

எங்கள் எடிட்டர் ஆத்தூர்க்காரர். நல்ல மனசு, நிறையப் படித்தவர், அதனால் பிடிவாதமும் கொஞ்சம் நிறைய. "சமத்துவம் பேசுற படத்துல வார்த்தைக்கு வார்த்தை சாமியா? கையக் கட்டிக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் தூக்கிடறேன்" என்றார். "அது வெறும் பயம் இல்ல. எங்கம்மா என்னையும் சாமின்னுதான் கூப்பிடுவாங்க" என்று சண்டை போட்டேன். "உங்கள உங்கம்மா கூப்பிடறதும், இவங்க ஊர்க்காரங்களக் கூப்பிடறதும் ஒண்ணா?" என்று திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு சாமியையும் அவர் தேடிப்பிடித்து வெட்டினார். மரியாதைக்கு ஒட்டிக்கொண்டிருந்த 'ங்க'வும் அதோடு போயிற்று.

டிவியில் போடுவதற்கு முன்னால் ஊரிலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஊருக்கும் காலனிக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூட மைதானம் மட்டும்தான். பட்டறைக்காரர் ஒருவர் கொடுத்த காடாத் துணியைத் திரையாகக் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து, சொல்லிவைத்தாற்போல் நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். மினி பஸ் டிரைவரும் வந்து கொடிக்கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

திரையில் அக்காவின் முகம் வந்தது. "பஸ்ஸ நிறுத்து!" என்றார். "பாத்துட்டேதான் போவா." "நீங்களாச்சும் சொல்லு."

ஊர்க்காரர்கள் பக்கம் கொதித்தது. "பாத்தியா பேச்ச! கேமராவப் பாத்ததும் கொழுப்பு ஏறிப் போச்சு. நிறுத்து, சொல்லுங்குது!" ஒருவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அக்காவோ எங்களைப் பார்த்துத்தான் கத்தினார். "நான் இப்படியா பேசுனேன்? எம்பேச்ச ஏனுங்க வெட்டுனீங்க? நாளைக்கு நான் பட்டறைக்குப் போக வேண்டாமா?"

எடிட்டர் முகம் செத்துப்போனது. எனக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. படம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலேயே வெட்டாத பதிவும் இருந்தது. படத்தை நிறுத்திவிட்டு, "இதுதான் அவங்க பேசினது, கேட்டுட்டுச் சண்டை போடுங்க" என்று அதைப் போட்டேன். நிறுத்துங்சாமி, போவாங்சாமி, சொல்லுங்சாமி. கூட்டம் கொஞ்சம் தணிந்தது. வேட்டியை மடித்துக் கட்டியவர் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இதுல வெட்டறதுக்கு என்னங்க இருக்குது?" என்று அவரே எங்களைக் கேட்டார். "சாமிங்கறது இங்க எல்லாரையும் கூப்புடறதுதான். எம்பேரனையும் சாமிங்கறேன், எங்கப்பனையும் சாமிங்கறேன். இதுல என்ன ஒசத்தி, தாழ்வு?"

அக்கா அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "எம்புள்ளைய ஒரு நாளாச்சும் அப்படிக் கூப்புட்டிருக்கீங்களாங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எடிட்டர் என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. சொல்லில் குற்றமில்லை. காலனியிலிருந்து ஊருக்குப் போகிற சொல் திரும்பி வருவதில்லை, அதுதான் குற்றம்.

கடைசியில் டிரைவர்தான் பேசினார். "எனக்கு என்னங்க வஞ்சம்? அங்க நிறுத்துனா ஊர்ல சீட்டு இல்லீனு எங்கிட்டத்தான சண்டைக்கு வாரீங்க?"

"எம்புள்ளைக்குச் சீட்டு வேண்டாங்க. நின்னுட்டே வந்துரும். ஏத்திக்கிட்டாப் போதும்" என்றார் அக்கா.

ஊர்ப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி விருட்டென்று எழுந்தாள். தினமும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவளாம். "அது ஏன் நின்னுட்டு வரணும்? டிக்கெட்டு வாங்கறதில்லையா? மொதல்ல ஏறுனவங்க உக்காரட்டும், பொறவு ஏறுனவங்க நிக்கட்டும். நான் நிக்கறேன், எனக்கென்ன காலு இல்லையா?" அவளுடைய மாமியார் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல எனக்கு இருந்தது. அதன் பிறகு பேச்சு சத்தமாக, குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. சிலர் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் நிறுத்தக் கூடாது என்று எழுந்து நின்று சொல்ல ஒருவரும் துணியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் கேமராவோடு காலனிக்குப் போனேன். பஸ் நின்றால் அதுதான் படத்தின் முடிவு, விட்டுவிடக் கூடாது என்று எனக்குப் பரபரப்பு. அக்காவும் மகளும் புளியமரத்தடியில் நின்றார்கள். மகள் புத்தகப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். தூரத்தில் ஹாரன் கேட்டது. நான் கேமராவைத் தோளில் ஏற்றினேன்.

அக்கா லென்ஸுக்கு முன்னால் கையை வைத்து மறைத்தார்.

"வேண்டாங்க. எல்லா ஊர்லயுந்தான் பஸ் நிக்குது. அத யாராச்சும் படம் எடுக்கறாங்களா?"

கேமராவை இறக்கினேன். பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் ஏறி, ஜன்னலோரம் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அக்கா அங்கேயே நின்று புழுதி அடங்கும் வரை பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பட்டறைக்கு நடந்தார்.