சாகிப் வீட்டுச் சிவப்பு பீர்

ஆபீஸ் வேலையாக லண்டன் போய்விட்டு வந்த என் மகள், பெட்டியின் அடியில் பழைய துண்டைச் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். இங்கிலாந்து பீர். ரசாயன உரம் போடாத வயலில் விளைந்த பார்லியாம். லேபிளில் ஆர்கானிக் என்றும், அதற்குக் கீழே ரூபி என்றும் போட்டிருந்தது. "ரெண்டு மடக்கு குடிச்சுப் பாரும்மா, உடம்புக்கு நல்லது" என்றாள். எதைக் கொடுத்தாலும் உடம்புக்கு நல்லது என்று சேர்த்துச் சொல்வது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது. நானோ சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் பல வருஷம் செயலாளராக இருந்த கிழவி. பம்பாயை ஒட்டிய நெருளில் எங்கள் எதிர் ஃபிளாட்டும் தமிழ்க் குடும்பம்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடிய பிறகே டம்ளரைக் கையில் எடுத்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளை முத்தின் நிறம். முகர்ந்தால் முதலில் வருவது அடிபிடித்த கருப்பட்டிப் பாகின் வாசனை, அதன் பின்னாலேயே நன்றாகச் சிவந்த ரொட்டியின் ஓடு. நாக்கில் உலர்ந்த திராட்சை. விழுங்கி முடித்து, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது சுண்டை வத்தல் கசப்பு ஒன்று மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டு, போகமாட்டேன் என்கிறது.

"எப்படி இருக்கு?" என்றாள் மகள்.

"தெரிஞ்ச ருசிதான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணை விரித்தாள்.

அறுபதுகளில் நான் பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அக்கா வீட்டில் தங்கி, கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனிக்கு டைப்பிஸ்ட்டாகப் போய்க்கொண்டிருந்தேன். அத்தானுக்குத் தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. அவர் வாசலில் நுழையும் முன்னே அவருடைய தோல் வாசனை நுழைந்துவிடும். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அதற்கு வெட்கப்பட்டு, ஆபீஸுக்குக் கட்டிப் போகும் என் சேலைகள் தொங்கும் கொடிப் பக்கமே வரமாட்டார். சனிக்கிழமை சாயங்காலம், திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் ஓர் ஆண்ட்டி வீட்டில் ஒரு கிளாஸ் நாட்டுச் சரக்கு குடிப்பார். குடித்துவிட்டு வந்தால் மெல்லிய குரலில் ஞானப்பாட்டு பாடுவார். அவ்வளவுதான் அவருடைய அட்டகாசம்.

அப்போது பம்பாயில் மதுவிலக்கு. குடிப்பதற்கு சர்க்கார் பெர்மிட் வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து குடித்தார்கள். மற்றவர்கள் ஒளிந்து குடித்தார்கள்.

எங்கள் ஆபீஸ் இங்கிலீஷ்கார சாகிப் பெர்மிட்காரர். ஊரோடு திரும்பிப் போகிறவர், ஒரு சனிக்கிழமை மதியம் எங்களையெல்லாம் கொலாபாவில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் கிராமத்தில் காய்ச்சிய சிவப்பு பீரை யாரோ ஒரு கப்பல் கேப்டன் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஐஸ் போடக்கூடாது, போட்டால் ருசி செத்துவிடும் என்று சொல்லி அவரே ஊற்றினார். நிறத்தைப் பார்த்ததும் எனக்கு சர்ச்சில் திருவிருந்துக்குக் கொடுக்கும் திராட்சை ரசம் நினைவுக்கு வந்தது. கர்த்தர் கோபிக்கமாட்டார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டு குடித்தேன். இன்னும் கொஞ்சமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கிளாஸ் நீண்டிருந்தது. அதுவரை நான் ருசித்த எதுவும் அப்படி இருந்ததில்லை. ரயிலில் சோம்பை மென்றுகொண்டே வந்தேன். என்னையறியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டும் வந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த மராத்திக்காரி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

கேம்ப் முனையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, இவ்வளவு நேரம் எங்க போன? ஆண்ட்டி வீட்டுல வச்சு அத்தானப் போலீஸ்காரனுவ பிடிச்சுட்டுப் போயிட்டானுவ. நீ வந்து இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசு. விட்டுருவாங்க."

அவள் நம்பிக்கையில் தப்பில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இதே மாதிரி பிடிபட்ட பக்கத்து வீட்டுக்காரருக்காக நான்தான் போய்ப் பேசினேன். டைப்பிஸ்ட் இங்கிலீஷுக்கு மயங்கி, இன்ஸ்பெக்டர் கண்டித்து அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷனில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு ஹவில்தார் ஒவ்வொருவர் முகத்துக்கும் குனிந்து, "தோண்ட் உகட்!" என்று வாயைத் திறக்கச் சொல்லி மோந்துகொண்டே வந்தார். அத்தான் கடைசியில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, "பயப்படாதிய அத்தான், நான் பேசுதேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பின்னால் நின்ற அக்காவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ள, நீ எங்க போயிட்டு வார?"

"சாகிப் வீட்டுக்கு."

"வாயத் தெறக்காத. ஹவில்தார் மோந்தான்னா ஒன்னையும் உக்கார வச்சிருவான். அக்காவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ."

"இல்ல அத்தான்..."

"போன்னா போ."

அதற்குள் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "யெஸ்?" என்றார். அக்கா என் முதுகில் இடித்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சட்டென்று அத்தான் எழுந்தார். "மைனே பியா, சாப்!" என்று உரக்கச் சொன்னார். நான்தான் குடித்தேன், ஐயா. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். ஷெட்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். அக்கா இட்லி அவிக்க, அத்தான் அலுமினியத் தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். குடியை அதோடு விட்டார். பாட்டையும் விட்டுவிட்டார், அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "இங்கிலீஷ் படிச்ச மகராசி வாயத் தெறக்கலையே" என்று அக்கா ஆரம்பிக்கும்போதெல்லாம், "சின்னப் பிள்ள, போலீஸக் கண்டு பயந்துட்டா. விடு" என்பார். உண்மையைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை, நான் ஆபீஸுக்குக் கிளம்ப, அவர் தூக்கோடு கிளம்ப, ஸ்டேஷன் பாலம் வரை சேர்ந்து நடந்தபோது கேட்டார். "ஏ பிள்ள, அந்தச் சாகிப் சரக்கு எப்படி இருந்துச்சு?"

"சகிக்கல அத்தான். வெறும் கஷாயம்."

"அப்படியா?" என்று சிரித்தார். "அப்ப ஒனக்கும் பெரிய லாபம் ஒண்ணுமில்ல."

நிறத்தைச் சொல்லியிருக்கலாம். கருப்பட்டி வாசனையை, திராட்சையை, கடைசியில் வரும் அந்தக் கசப்பைச் சொல்லியிருக்கலாம். தூக்கை இறக்கி வைத்துவிட்டு ரசித்துக் கேட்டிருப்பார். அவர் ஜெயிலுக்குப் போன அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோல் ஷெட்டுகள் தாராவியை விட்டுப் போய்விட்டன. கேம்ப்பில் நாங்கள் இருந்த வரிசை இன்று மாடிக் கட்டடம். அதன் கீழேயே ஒயின் ஷாப், விளக்குப் போட்டுத் திறந்துவைத்திருக்கிறார்கள். வாயை மோந்து பார்க்க ஆள் இல்லை. அத்தான் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருக்குப் பிறகும் அக்கா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் வீட்டில், பேரன் பேத்திகள் எல்லோர் முன்னாலும், "இவ அன்னைக்கு வாயத் தெறந்திருந்தா அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போயிருப்பாரா?" என்று ஆரம்பிப்பாள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்பதற்கென்றே நான் போவதுண்டு.

போன ஈஸ்டருக்குப் பிறகு அக்காவும் போய்விட்டாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்கள்.