வீட்டுப்பேர் எழுதாத பக்கம்

அறுபத்தொரு வயதில் துணை தேடி செல்போனில் வரன் பார்க்கும் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதிப் போட்டேன். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆயிற்று. பிள்ளை இல்லை. ஒரு தேங்காய் உடைத்தால் ஒரு மூடி போதும், மற்ற மூடி கெட்டுப்போகும். அது தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

குலசேகரத்தில் இருக்கும் அக்காள் மகள்தான் எழுதித் தந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். வயது, விதவை, ஐந்தாம் வகுப்பு, இடது காது சரியாகக் கேட்காது, அறுபது மூடு ரப்பர் மரம், தனியாக இருக்கிறேன். கடைசியில் வீட்டுப்பேரையும் சொன்னேன்.

"சித்தி, வீட்டுப்பேரு எதுக்கு? எல்லாரும் பார்ப்பாவ."

"வீட்டுப்பேரு சொல்லலைன்னா நம்மள கள்ளின்னுல்லா நினைப்பாவ. நீ எழுது மக்கா."

எங்கள் பக்கத்தில் ஆளின் பேர் யாருக்கும் தெரியாது. வீடு நிற்கும் தோட்டமான விளையின் பேர்தான் வீட்டுக்கும் ஆளுக்கும் பேர். அதைச் சொல்லி ஜங்ஷனில் கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அப்படித்தான் ஒருவரைக் கொண்டுவந்து விட்டார்கள். காலையில் முற்றத்தில் ரப்பர் பால் உறைய ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டோவிலிருந்து சட்டையை இன் பண்ணிய ஆள் ஒருவர் இறங்கினார். போனில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆள்.

"தனியாத்தானே இருக்கிய? உள்ள இருந்து பேசுவோம்."

நான் எழுதிய வார்த்தையே அவர் வாயிலிருந்து வந்தது. வந்தவருக்குத் தேயிலை போட்டுக் கொடுக்காமல் அனுப்பிய பழக்கம் எனக்கு இல்லை. ஆண்களிடம் முகம் பார்த்துப் பேசிய பழக்கமும் இல்லை. பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கொண்டி போட்டேன். ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"போங்க. இங்க வரப்பிடாது."

அவர் சிரித்தார். "நீங்கதானே எல்லாம் எழுதிப் போட்டிருக்கிய?"

"எழுதினேன். வரச்சொல்லி எழுதல்ல."

பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. அவள் துவைத்த துணி சொட்டச் சொட்ட ஓடிவந்தாள்.

"ஏட்டி, யாராக்கும் இது?"

"தெரியாத ஆளு. போவ மாட்டேங்காரு."

அவள் ஈரத்துணியை முறுக்கியபடி அவர் எதிரில் போய் நின்றாள். ஆட்டோக்காரரே அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அக்காள் மகள் வந்தாள். "அழிச்சிரட்டா சித்தி?"

"அழிக்காத. மாத்து."

வீட்டுப்பேரை எடுக்கச் சொன்னேன். தனியாக இருக்கிறேன் என்பதையும், வீட்டு முற்றத்தில் நின்று எடுத்துப் போட்டிருந்த போட்டோவையும் எடுக்கச் சொன்னேன். மறுநாள் குலசேகரத்தில் அவள் வீட்டு வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்று வேறு போட்டோ எடுத்தோம்.

"அப்ப வயசையும் அம்பத்தஞ்சுன்னு போட்டுருவோம்."

"வயசு அங்கயே கிடக்கட்டும். காதும் கிடக்கட்டும். கூட வாழப்போறவரு தெரிஞ்சிக்கணும்லா. வீடு எங்கன்னு நான் சொல்லும்போ தெரிஞ்சாப் போதும்."

அதன்பின் ஒருவர் எழுதினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவராம். மனைவி இறந்துவிட்டாராம். ஒரு மாதம் எழுதிக்கொண்டோம். ஒருநாள், வீட்டுப்பேர் என்ன என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஆள் யாரும் கேட்கக்கூடியதுதான். பதில் சொல்லாமலிருந்தால் மரியாதைக்குறைவு என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒற்றை விரலால் தட்டினேன்.

"அது பிறகு சொல்லுவேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திருவட்டாறு கோயில் நடைக்கு வாருங்கள். என் அக்காள் மகளும் வருவாள்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். கோபித்துக்கொள்வார், போகட்டும் என்று அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது எழுதியிருந்தார்.

"சரி. நான் உங்கள் வலதுகைப் பக்கம் நின்று பேசுகிறேன்."

வியாழக்கிழமை போனேன். அவர் சொன்னபடியே வலதுபக்கம் நின்றார். ஒரு மணி நேரம் பேசினோம். வீட்டுப்பேரை அன்றும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த வியாழனும் அங்கேதான் வரச்சொல்லியிருக்கிறேன்.