எங்கும் போகாத ரயில்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை, கடைசிவரை ஓடாத ஒரு ரயிலுக்குப் படம் கீறிய வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நகரத்தின் கிழக்குப் பக்கம், வோபர்னில் அண்ணையின் அப்பார்ட்மென்டில், அவருடைய இரண்டு பிள்ளைகளின் அறையில் நானும் ஒரு மூலையில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தேன். ஊரில் படவரைஞர் படிப்பு முடித்திருந்தேன். இங்கே மாலை வகுப்புக்குப் போய்க் கம்பியூட்டரில் கீறப் பழகியதும், நகரத்தின் நடுவில் இருந்த சின்னப் பொறியியல் அலுவலகம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது.

அங்கே என்னுடைய மேலதிகாரி உயரமான, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். முதல் நாளே ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்தார். நகரத்தின் நடுவில் தொடங்கி மேற்கே விமான நிலையம் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு போயிற்று. காந்தத்தால் மிதந்து ஓடும் ரயிலுக்கான பாதை என்றார். சக்கரமே கிடையாது; பெட்டியைக் காந்தம் தூக்கிப் பிடித்திருக்க, பாதைக்கும் பெட்டிக்கும் நடுவில் சுண்டுவிரல் தடிப்புக்கு மட்டும் இடைவெளி இருக்கும். அப்படி ஒன்றை இங்கே கட்ட முடியுமா என்று பார்க்கத்தான் யாரோ எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். பாதையைத் தாங்கும் தூண்கள் எங்கெங்கே நிற்கும், எந்தத் தெருவை எவ்வளவு உயரத்தில் கடக்கும் என்று கீறுவது என் பங்கு.

எனக்கு ரயிலில் அக்கறை இருக்கவில்லை. எதிலும் அக்கறை இருக்கவில்லை என்பதுதான் உண்மை. என் கணவர் ஜெர்மனியில் இருந்தார்.

எங்களுக்குக் கொழும்பில் கலியாண எழுத்து நடந்தது. பேசிச் செய்த கலியாணம். சேர்ந்து பத்து நாள்கூட இருந்திருக்க மாட்டோம். நான் முதலில் புறப்பட்டேன், அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. நான் வந்து சேர்ந்துவிட்டேன். அவரைக் கூட்டிவந்த ஏஜென்ட் ஜெர்மனியில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். அவர் அகதியாகப் பதிந்துகொண்டு, வடக்கே ஒல்லாந்து எல்லைப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார். நான் இங்கிருந்து ஸ்பொன்சர் செய்து போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தபால்பெட்டியை நாளுக்கு இரண்டுதரம் திறந்து பார்ப்பேன். இரவு படுக்கையில் புரண்டால் பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள் என்று குசினிக்குள் போய் நின்றுகொண்டிருப்பேன்.

ஞாயிறு காலையில் முகாமுக்கு ரெலிபோன் எடுப்பேன். தாழ்வாரத்தில் இருந்த போனை யாராவது எடுத்து அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அவர் ஓடிவருவது கேட்கும். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டனீரோ என்பார், ஓம் என்பேன். குளிரோ என்பேன், ஓம் என்பார். ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேர் எவ்வளவு நேரம் குளிரைப் பற்றிப் பேசுவது? போனை வைத்ததும் இந்த மனிதர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன் என்று பயமாகவும் இருக்கும், வராமல் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயமாகவும் இருக்கும்.

ஒரு ஞாயிறு, பேச்சு அறுந்துபோன இடத்தில், வேலையில் என்ன கீறுகிறேன் என்று சொன்னேன்.

"அது இஞ்சை ஓடுது," என்றார். "பக்கத்து மாவட்டத்தில. சும்மா பரீட்சைக்கு ஓட்டிப் பாக்கிறாங்கள். முகாமில எல்லாரும் கதைக்கிறவை."

நான் எழும்பி நின்றுவிட்டேன். மேலதிகாரியிடம் படங்கள்தான் இருந்தன. அலுவலகத்தில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதைப் போய்ப் பாருங்கோ, பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கோ என்றேன். சத்தம் எப்படி, தூண்கள் எப்படி, கீழே நின்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவ்வளவு நீளமாக அவரோடு நான் பேசியது அன்றுதான் முதல்தடவை.

முகாமில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போனை எடுத்தவன் அவருடைய பெயரைக் கத்தவில்லை. ஜெர்மன் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னான். எனக்கு விளங்கிய ஒரே சொல் பொலிஸ். திரும்பவும் எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அண்ணை வேலையால் வரும்வரை அறைக்கும் பல்கனிக்குமாக நடந்தேன். அண்ணை கேட்டுவிட்டு, "அந்தரப்படாதை, அவன் சின்னப்பிள்ளையே?" என்றார். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் இருந்த தன் சிநேகிதர் ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தார். பொலிஸில் மாட்டினால் ஸ்பொன்சருக்குப் பிழை வருமா என்று கேட்டபோது ஆளுக்கொரு மறுமொழி சொன்னார்கள். அந்தக் கிழமை முழுவதும் நான் வேலையில் ஒரே தூணைக் கீறி அழித்துக் கீறிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவரே போன் எடுத்தார். முகாமில் இருந்த எரித்திரியாக்காரர் ஒருவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வரும்போது வழியில் மறித்து, கடதாசி கேட்டு, ஸ்ரேஷனில் ஒருநாள் வைத்திருந்து எச்சரித்து விட்டிருக்கிறார்கள். நான் அழத் தொடங்கினேன். அவர் அதை விட்டுவிட்டு, ரயிலைக் கண்டதைச் சொல்லத் தொடங்கினார்.

வேலிக்கு வெளியே, வயலுக்குள் நின்றிருக்கிறார். முதலில் ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு காற்றைக் கிழிக்கிற சத்தம் ஒன்று வந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளையாக ஏதோ தலைக்கு மேலால் போய்விட்டதாம். வயலில் நின்ற மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை என்றார். தூண்களை எண்ணிப் பார்க்க முடியவில்லை, மன்னிச்சுக்கொள்ளும் என்றார்.

இனிப் போகவேண்டாம் என்று சத்தியம் வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிறுகளில் எங்களுக்குப் பேச ஒன்று இருந்தது. நான் கீறுகிற பாதை எந்தத் தெருவைக் கடக்கிறது, எந்த வளைவில் மேலதிகாரி திருப்திப்படவில்லை என்று சொல்லுவேன். அவர் கேள்வி கேட்பார். ரெக்ஸ்டேலில் நிற்குமோ என்றார் ஒருநாள். விமான நிலையத்துக்குக் கிட்டவான அந்த இடத்தில் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். நிற்காது, அவ்வளவு வேகத்தில் போகிற ரயில் இடையில் நிற்காது என்றேன். அப்ப அவனுக்கு என்ன பிரயோசனம் என்று சிரித்தார். அவர் சிரித்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

வசந்தகாலத்தில் அவர் முறைப்படி அனுமதி கேட்டிருக்கிறார். ஏன் போகவேண்டும் என்று கந்தோரில் இருந்த அதிகாரி கேட்டானாம். என் மனைவி கனடாவில் இதே மாதிரி ரயில் கட்டுகிறாள், நான் பார்த்துச் சொல்லவேண்டும் என்றாராம். அந்த அதிகாரி பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் அதைச் சொல்லச் சொன்னானாம். அனுமதி கிடைத்தது. பார்வையாளர்களை ஏற்றுகிற நாளில் போய் ஏறியிருந்தார்.

அந்த ஞாயிறு அவர் குரல் வேறுமாதிரி இருந்தது. வேகம் நானூறைத் தாண்டியபோதும் மடியில் வைத்திருந்த தொப்பி அசையவில்லை என்றார். மரங்கள் எல்லாம் ஒரே பச்சைக் கோடாகப் போயின என்றார். பிறகு நிறுத்தினார்.

"ஆனா ஒரு இடமும் போகேல்லை. சுத்திக்கொண்டு வந்து, ஏறின இடத்திலயே இறக்கிவிட்டவங்கள்," என்றார். "இறங்கேக்கை எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது. முகாமுக்குத் திரும்பிப் போக மனமே வரேல்லை."

அன்று நாங்கள் இரண்டு பேரும் பேசாமலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த மௌனம் முந்தைய மௌனம்போல இல்லை.

கோடை முடிய அறிக்கை போயிற்று. கொஞ்ச நாளில் மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டு, அறிக்கை கேட்டவர்கள் செலவைப் பார்த்துவிட்டு யோசனையைக் கைவிட்டதாகச் சொன்னார். அவருக்குக் கவலைதான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. படச்சுருள்களைத் தானே கட்டி அலமாரிக்கு மேல் வைத்தார். என்னை ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்துக்கு வடிகால் கீறும் வேலைக்கு மாற்றினார். இதைக் கணவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றிரண்டு ஞாயிறு சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு சொன்னேன். சரி என்றார், அவ்வளவுதான்.

பனி தொடங்குவதற்கு முன் விசா வந்தது.

அண்ணை காரில் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். எல்லோரும் சுற்றி நிற்க அவரைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. அண்ணி விளங்கிக்கொண்டு, "போகட்டும் விடுங்கோ," என்றா. பஸ், ஸ்கார்பரோவின் சின்ன ரயில், நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சப்வே, பிறகு இன்னொரு பஸ். வழி முழுவதும் எழும்புவதும் இருப்பதுமாகவே போனேன்.

கண்ணாடிக் கதவால் வந்தவர் படத்தில் இருந்தவரைவிட மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்திருந்தார். என்னைக் கண்டதும் சூட்கேஸை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார், திரும்பவும் மாற்றினார். "கனநேரம் நிண்டனீரோ?" என்றார். இல்லை என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் இருக்கைகள் காலியாக இருந்தும் அவர் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் எழும்பிப் பக்கத்தில் நின்றேன். நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நின்றன. என்ன பேசுவதென்று தெரியாமல், என்னுடைய பாதை இந்தப் பக்கத்தால்தான் போக இருந்தது என்று யன்னலைக் காட்டினேன். அவர் மரியாதைக்குப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது. எனக்கு உந்த றெயினில பெரிய விருப்பம் ஒண்டும் இல்லை. நீர் ஆசையாக் கதைச்சீர். அதுதான் போனனான்."

நான் அவரைப் பார்த்தேன். "எனக்கும் விருப்பம் இல்லை," என்றேன். "நீங்கள் கதைக்கிறியள் எண்டுதான் நான் கேட்டனான்."

இரண்டு பேரும் சிரித்தோம். முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் திரும்பவும் பயமாக இருந்தது. இனிப் பேச ரயிலும் இல்லை.

வந்தபிறகும் அவருக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போதுகூடக் கோப்பையோடு யன்னலடிக்குப் போவார். முகாமில் அத்தனை காலம் அடைந்து கிடந்ததற்கு உடம்பு பழி வாங்குகிறது என்பார். பேக்கரி வேலையை விட்டார், தொழிற்சாலை வேலையை விட்டார். கடைசியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டத் தொடங்கினார், அதுதான் பொருந்தியது. எனக்கும் உள்ளுக்குள் அதே துடிப்புத்தான். அவர் வந்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், அடங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வேலையால் வந்ததும் இரண்டு பேரும் நடக்கப் போவோம். மார்க்கம் வீதியால், கடைகளைத் தாண்டி, காது மரத்துப்போகும் வரைக்கும் நடப்போம். அண்ணை வீட்டுக்குள் இருந்தால் எங்களுக்குப் பேச்சு வராது. நடந்தால் வரும். அவருடைய தாயைப் பற்றி, என்னோடு படித்த பிள்ளைகளைப் பற்றி, அவருக்குப் பிடிக்காத சாப்பாட்டைப் பற்றி எல்லாம் அந்த நடைகளில்தான் பேசிக்கொண்டோம். இந்தக் குளிருக்குள் எங்கே போகிறீர்கள் என்று அண்ணி கேட்பா. சும்மாதான் என்பார் அவர், சப்பாத்தைக் கட்டிக்கொண்டே.