முருகனிடம் பூ கேட்ட கல்யாணம்

என் கல்யாணத்துக்குச் சிவப்புப் பூ வந்துவிட்டது என்று அப்பா வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாப்பிள்ளை காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் மிஷின் பார்க்கிறவர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற வந்தபோது, என் இலை முன்னால் மட்டும் மூன்று தடவை நின்று "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அறுபதுகளில் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் மலைக்கோயில் முருகனிடம் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, நினைத்ததைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். முதலாளியையே எதிர்த்துப் பேசுவார், பூவை எதிர்த்துப் பேசமாட்டார்.

நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஊர் ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராச்சே! வீட்டுக்குப் பின்னால் வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று பறித்து வந்து, அப்பா முன்னாலேயே மடித்துப் போட்டு, "நாளைக்குச் சூரியன் உதிக்குமா?" என்று கேட்டு இருபது தடவை எடுத்தேன். ஒன்பது தடவை சிவப்பு.

"பாத்தீங்களாப்பா? சூரியன் உதிக்காதுன்னு ஒம்போது தடவ சொல்லுது. இதை நம்பியா என் கல்யாணத்தை நிறுத்துவீங்க?"

அப்பா அசரவில்லை. "ஏங்கண்ணு, போன வாரம் புள்ளைக நோட்டுத் திருத்துனியே. முக்கோணத்து மூலை மூணையும் அளந்து கூட்டி ஒருத்தன் நூத்தி எழுவத்தெட்டுன்னான், ஒருத்தி நூத்தி எம்பத்திமூணுன்னா. நூத்தி எம்பதுதான்னு எல்லாத்துக்கும் தப்புப் போட்டியே. அத்தனை பேரு அளந்தும் உன் கணக்கை மாத்துனியா?"

"அளந்த கை தப்புங்கப்பா. கணக்கு தப்பாகாது."

"அதேதான். வெளையாட்டுக்குக் கேட்ட கை தப்பு. சாமி தப்பாகாது."

அடப்பாவமே, என் கணக்கையே என்மேல் திருப்பிவிட்டார்! கணக்குக்கு நிரூபணம் உண்டு, பூவுக்கு ஏது என்று கத்தினேன். கத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நிரூபணமும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்ட ஒன்றிரண்டு விஷயத்திலிருந்துதான் புறப்படுகிறது. அதை அசைக்கப் பார்ப்பதில்லை, அதிலிருந்து என்ன வருகிறது என்றுதான் பார்க்கிறோம். சரி, சாமி தப்பாகாது. ஒப்புக்கொண்டேன். அப்புறம்?

"ஏனுங்கப்பா, சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"வர்ற தையில இந்தக் கல்யாணத்த முடிச்சுப்போடலாமான்னு கேட்டேன்."

"தையில வேண்டாம்னுதான சொல்லியிருக்குது? மாப்பிள்ளை வேண்டாம்னு எங்க சொல்லுச்சு?"

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். மறுநாள் மலையேறி வைகாசிக்குக் கேட்டார். வெள்ளை வந்தது.

கல்யாணம் முடிந்து இதையெல்லாம் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வைகாசிக்கும் சிவப்பு வந்திருந்தா?"

"ஆவணிக்குக் கேக்கச் சொல்லியிருப்பேன். அதுக்கும் வெள்ளை வரலீனா ஐப்பசிங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இவர் நல்லவர் என்று நான் நம்பியதற்கு என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றுமில்லை. எத்தனை சிவப்பு வந்திருந்தாலும் அந்த நம்பிக்கையை நான் மாற்றிக்கொண்டிருக்கமாட்டேன். நான் எங்கப்பா மகள்தானே.