தயார் என்று எழுதிய அறை

கல்முனைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் நான் வெளிநோயாளர் பிரிவுக்குப் பொறுப்பான தாதி. கொரோனாவுக்குப் பிறகு, தொற்றக்கூடிய காய்ச்சல் இருமலோடு வருபவர்களைத் தனியே வைக்க எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. நாளடைவில் அதில் உடைந்த கட்டில்களைப் போட்டு அடைத்துவிட்டோம். ஆனாலும் மாதாமாதம் படிவத்தில் 'தயார்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான்தான்.

ஒரு காலையில், முந்தின நாள் கட்டாரிலிருந்து வந்திறங்கிய சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் கடும் காய்ச்சலோடும் இருமலோடும் வந்தார். உட்காரும் வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. முகக்கவசம் ஒன்றைக் கொடுத்து, "கொஞ்சம் நில்லுங்க, இடம் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு அறைச் சாவியைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அவரைக் காணவில்லை. வெளியே மதில் ஓரத்தில், வெயிலில் தனியாகக் குந்தியிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் இங்க வந்தீங்க?"

"உள்ள கைப்புள்ளைகளோட உம்மாமார் இரிக்காங்க மிஸ். எனக்கு என்ன வருத்தம், தொத்துமா எண்டு தெரியாதே. என்னால அதுகளுக்கு ஒண்டும் வந்திரப்படாது."

டொக்டரிடம் ஓடினேன்.

"அறை தயாரெண்டு நான் எழுதினது பொய், டொக்டர்."

அவர் கதிரையிலிருந்து எழுந்தார். "அதப் பிறகு கதைப்பம். முதல்ல கட்டில்கள வெளிய எடுங்க."

அறையை ஒழிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அதுவரை மதிலடியிலேயே அவருக்கு ஒட்சிசன் கொடுத்தோம்.

அவருக்கு வந்திருந்தது இன்ஃப்ளுவன்சா. ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்தான், காலப்போக்கில் மறந்தும் போகும். மூச்சுத் திணறிக்கொண்டே, நான் செய்திருக்க வேண்டிய வேலையை அந்த மனிதர் செய்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.