முடிச்சில்லாத தோல்வார்

என் கம்ப்யூட்டர் கடையின் பின்னறையில் ரொம்ப வருஷம் ஒரு மரப்பெட்டி நின்றது. இடுப்புயரம், நாலு கால். மேலே ஒரு பழைய மானிட்டரைப் படுக்க வைத்து, அதன்மேல் கண்ணாடி பதித்திருந்தேன். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்துபோய் அப்படியே இருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பச்சைப் பித்தான்கள். வருகிறவர்கள் எல்லாரும் "இன்னா சார் இது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பின்பால் ஆடுகிற மெஷின் என்று சொல்வேன். திரையில் ஒரு இரும்புக் குண்டு சரிவில் உருண்டு வரும். அது கீழே விழாமல் இரண்டு துடுப்பால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். இடது பித்தானுக்கு இடது துடுப்பு, வலதுக்கு வலது. அவ்வளவுதான் ஆட்டம். அந்தப் பித்தான்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

இதை என் மாமாவுக்காகச் செய்தேன். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மாமா அடிப்பார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் அக்காவுக்கு அடி, கம்மி என்றாலும் அடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அக்கா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தால், சனிக்கிழமை என்ன நடந்திருக்கும் என்று எங்கள் பெஞ்சில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒருமுறை சட்டையைப் பிடித்துக் கேட்டதற்கு என் தலையைச் சுவரில் மோதினார். இடது கையால்தான். வலது கையில் அவருக்குக் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஒரு கையிலேயே இந்த ஆட்டம் ஆடுகிறாரே, இரண்டும் இருந்திருந்தால் நம் கதி என்ன என்று அம்மா சொல்லிச் சொல்லி அழும்.

ஆனால் இரண்டு கையும் இருந்த காலத்தில் அவர் அப்படி இல்லை, அதுதான் கொடுமை. தொண்ணூறுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கிளிக்கிங் மெஷின் ஓட்டினார். தோலை விரித்து, அதன்மேல் கத்தி அச்சை வைத்து அமுக்கினால், மேலே இருக்கிற கனத்த இரும்புப் பலகை இறங்கி ஒரே அடியில் தோலை வெட்டிவிடும். கை உள்ளே மாட்டக் கூடாது என்று அந்த மெஷினில் இருபக்கமும் இரண்டு பித்தான் வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பலகை இறங்கும். இரண்டு கையும் பித்தானில் இருந்தால் எந்தக் கை உள்ளே போகும்? நல்ல ஏற்பாடுதான். ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அது பேஜார். அதனால் எல்லாரும் வலது பித்தானை ஒரு தோல்வாரால் அமுக்கிக் கட்டிவிட்டு, இடது கையால் மட்டும் மெஷினை ஓட்டுவார்கள், வலது கையால் தோலை நகர்த்துவார்கள். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிற நாளில் மட்டும் வார் எல்லாவற்றையும் அவிழ்த்து ஒளித்துவிட வேண்டும். பையர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அப்படி ஒரு பையர் நாளில்தான் மாமாவின் கை போயிற்று. பையர் போனபின் டீ குடித்துவிட்டு வந்தார். வார் இன்னும் கட்டவில்லை என்ற நினைப்பில், இடது கையை இடது பித்தானில் சாய்த்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டுத் தோலின் சுருக்கத்தை நீவினார். பலகை இறங்கிவிட்டது. அது தானாக மேலே ஏறியபோது விரல் நாலும் கத்தி அச்சுக்குள் கிடந்தன. அந்த நிலையிலும் அவர் வலது பித்தானைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். யாரோ வாரைக் கட்டி வைத்திருந்தார்கள்.

"வார் சுத்தி இருந்துச்சி மச்சான். முடிச்சே இல்ல. ரெண்டு சுத்து, நுனிய உள்ளயே சொருவி வச்சிருந்தான், அந்த நாயி" என்பார். எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. சாப்பிடும்போது சொல்வார், துக்க வீட்டில் சொல்வார். நாய் என்றது சூப்பர்வைசரை. ஆஸ்பத்திரியில் கண் விழித்து விசாரித்தபோது வாரைக் காணோம், மெஷினில் குறையே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவிழ்த்து மறைத்தவர் சூப்பர்வைசர்தான், அதில் சந்தேகமில்லை. அவிழ்த்தவன்தான் கட்டியவனும் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். கையில் போட்ட கட்டைப் பிரிப்பதற்கு முன்பே கம்பெனிக்குள் புகுந்து, ஒரு கத்தி அச்சை இடது கையால் எடுத்து அந்த ஆள் முகத்தில் வீசினார். கன்னம் காதுவரை கிழிந்து தொங்கியது. பல் தெரிந்தது என்றார்கள். அந்த ஆள் கேஸ்கூடக் கொடுக்காமல் ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டார்.

மாமாவின் கோபம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. நான் கடை போட்ட புதிதில், வேலை இல்லாத மாமா பகலெல்லாம் என் கம்ப்யூட்டரில் பின்பால் ஆடிக்கொண்டிருப்பார். குண்டு விழுந்தால் கீபோர்டுக்கு அடி. விரல் போன கையின் மணிக்கட்டால் குத்துவார், எழுத்துகள் தெறித்து மெயில் பார்க்க வந்தவர் மடியில் விழும். ஒருநாள் சிரித்த ஒருவனை நாற்காலியோடு தள்ளி மண்டையை உடைத்தார். இனிமேல் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கப்போன சமயத்தில்தான் அந்தச் சேதி வந்தது. சூப்பர்வைசர் அதே கம்பெனிக்கு மேனேஜராகத் திரும்பி வருகிறார், திங்கட்கிழமை சேருகிறார்.

மாமா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தோல் சீவுகிற நீளக் கத்தி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தார். "அவன் வலது கைய மட்டும் எடுத்துட்டு வந்துர்றேன். உசுரு எனக்கு வேணாம்" என்றார், கடைக்குப் போய் சர்க்கரை வாங்கி வருகிற மாதிரி. அக்கா அன்று மத்தியானமே என் கடைக்கு ஓடி வந்தாள். "டேய், அவரு உள்ள போய்ட்டா நானும் புள்ளயும் தெருவுலதான். இன்னாவாவது பண்ணி அவரை இங்கயே உக்கார வை. அந்த ஆட்டத்த பெருசா செஞ்சி குடு. அடிச்சா ஒடையாத மாதிரி செய்" என்றாள். உதடு வீங்கியிருந்தது. அந்த ஆளுக்கு வேண்டும்தான் என்று நான் முணுமுணுத்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. பழைய இரும்புக் கடையில் அவரே தேடி, ஓய்ந்துபோன ஒரு கிளிக்கிங் மெஷினின் இரண்டு பச்சைப் பித்தான்களை வாங்கி வந்தார். "எவ்ளோ குத்தினாலும் தாங்கும் மச்சான்" என்றார். உடைந்த கீபோர்டு ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பலகையை எடுத்து, துடுப்புகளை ஆட்டுகிற இரண்டு ஷிஃப்ட் கீக்கும் போகிற இடத்தில் ஒயர் பற்றவைத்தேன். பித்தானை அமுக்கினால் ஷிஃப்டை அமுக்கியதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பித்தான்களுக்கு நடுவே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒயரை மட்டும் வெட்ட மறந்துவிட்டேன். இடதை அமுக்கினால் ஒன்றும் இல்லை, வலதை அமுக்கினாலும் இல்லை, இரண்டையும் சேர்த்து அமுக்கினால் இரண்டு துடுப்பும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டன. மாமா முகம் வெளுத்தது. "இது இன்னும் கிளிக்கிங் மெஷினாவே கீதுடா!" என்று பெட்டியை உதைத்த உதையில் ஒரு கால் பிய்ந்துகொண்டது. ஒயரை வெட்டிப் பிரித்துக் கொடுத்தபின்தான் அடங்கினார். வலது பித்தானைப் பக்கவாட்டில் வைத்தால் அவருக்கு எட்டாது, விரல் வேண்டும். அதனால் அதை மேல்பக்கம் பதித்தேன். உள்ளங்கைச் சதையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக, பெட்டியைப் பிடித்து ஆட்டுகிறவனுக்கு வைக்கிற பூட்டு. மெஷினைப் பிடித்து உலுக்கி ஏமாற்றினால் ஆட்டம் நின்றுவிட வேண்டும், அது சட்டம். கொத்தனாரின் தூக்குக்குண்டை உள்ளே தொங்கவிட்டு, சுற்றிலும் ஒரு கம்பி வளையம் வைத்தேன். பெட்டி அதிர்ந்து குண்டு வளையத்தில் இடித்தால் துடுப்பு இரண்டும் செத்துவிடும், இரும்புக் குண்டு நேராகக் குழியில் விழும். வளையத்தைப் பெரிதாக்கு என்று மாமா, சின்னதாக்கு என்று அக்கா. "ஒரு அடிக்கே நிக்கணும்டா" என்றாள். நான் நடுவில் வைத்தேன்.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து மூவரும் கடைக்கு வந்தோம். மறுநாள் திங்கள். ஒயர்களை ஒன்றுசேர்த்துக் கட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. நான் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தேன், மாமா மேலே இடது கையால் ஆடிக்கொண்டிருந்தார், அக்கா டேப்பு உருளையை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்து ஒயர்க் கற்றையைப் பிடித்திருந்தாள். கட்டுக்கா என்றேன். இரும்புக் கடையிலிருந்து பித்தான்களைக் கட்டி வந்து தரையில் கிடந்த தோல்வாரை எடுத்தாள். பேரணாம்பட்டில் நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அவள் பீடி சுற்றியவள். அந்தக் கை. ஒயரைச் சுற்றி இரண்டு சுற்று, நுனியை உள்ளேயே செருகி ஒரு இழுப்பு. முடிச்சு இல்லை.

மேலே துடுப்புச் சத்தம் நின்றது. குண்டு குழியில் விழுகிற சத்தம் கேட்டது.

நான் வெளியே வந்தபோது மாமா அந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அக்காவும் அந்தக் காலத்தில் கம்பெனியில் அதே செக்‌ஷனில், அவர் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் வெட்டின பீஸுக்கு ஜோடி சேர்த்தவள். கை போன நாளிலிருந்து அக்கா எதைக் கட்டினாலும் இரட்டை முடிச்சுப் போடுவாள். பூப்பொட்டலத்தைக்கூட. இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன், மடையன்.

"நாந்தான்" என்றாள் அக்கா. "நீங்க டீக்குப் போனீங்க. பீஸு கம்மியா வருதுன்னு ரெண்டு நாளா கத்திக்கினு இருந்தீங்க. வந்ததும் ஓட்டட்டும்னு நாந்தான் கட்டினேன். சொல்றதுக்குள்ள எங்க மேஜை மேஸ்திரி கூப்பிட்டான், திரும்புறதுக்குள்ள..."

மாமாவின் இடது கை உயர்ந்தது. நான் கையில் இருந்த பற்றவைப்புக் கம்பியைச் சூட்டோடு ஓங்கினேன், முகத்தில் வைத்துவிடுவேன் என்று கத்தினேன். வைத்தும் இருப்பேன். அக்கா என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அவர் முன்னால் போய் முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டு நின்றாள்.

"அடி" என்றாள். "இத்தினி வருசமா ஒண்ணும் இல்லாததுக்கு அடிச்சே. இன்னிக்காவது காரணத்தோட அடி. ஆனா அந்த ஆளுகிட்ட போவாதே. அவன் மூஞ்சிய கிழிச்சது போதும்."

கை இறங்கியது. அக்காமேல் இல்லை, கண்ணாடிமேல். ஒரு குத்தில் மூலை உடைந்தது. உள்ளே தூக்குக்குண்டு வளையத்தில் இடித்து, திரை மின்னி மின்னி ஆட்டத்தைப் பூட்டியது. அவர் நிறுத்தவில்லை. இருக்கிற ஒரே நல்ல கையால், ரத்தம் பச்சைப் பித்தான்மேல் வழிய வழியக் குத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அக்கா தன் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றினாள்.

திங்கட்கிழமை மாமா கம்பெனி வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கத்தி வீட்டிலேயே இருந்தது, பார்த்துவிட்டுத்தான் ஓடினேன். காரிலிருந்து இறங்கிய அந்த ஆள் மாமாவைக் கண்டதும் உள்ளங்கையால் தன் கன்னத்தை மூடிக்கொண்டார். மாமா அவரைக் கும்பிட இரண்டு கையையும் தூக்கினார். துணி சுற்றிய கை ஒன்று, விரலில்லாத கை ஒன்று. அடிக்கத்தான் ஓங்குகிறார் என்று நினைத்து அந்த ஆள் உள்ளே ஓடினார், வாட்ச்மேன்கள் வந்து மாமாவைத் தடியால் நொறுக்கினார்கள். மாமா ஒருவரையும் திருப்பி அடிக்கவில்லை. நான்தான் குறுக்கே விழுந்து முதுகில் வாங்கினேன்.

அதற்கப்புறம் மாமா அக்காவை அடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். பொய் எழுத மாட்டேன். அடி குறைந்தது, நிற்கவில்லை. ஆனால் அந்தப் பழைய கதையை, வார் சுற்றியிருந்த கதையை, சாகும்வரை அவர் வாயால் மறுபடி சொல்லி நான் கேட்கவில்லை.

போன மாதம் கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. பெட்டியைப் பிரித்தேன். நான் ஒட்டிய இன்சுலேஷன் டேப்பெல்லாம் காய்ந்து தொட்டதும் உதிர்ந்தது. அக்காவின் வார் மட்டும் ஒயரை விடவில்லை. பச்சைப் பித்தானின் விளிம்பில் கறுத்த கறை இன்னும் இருந்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போனதற்குப் பிறகு அவள் பூப்பொட்டலத்துக்கு இரட்டை முடிச்சுப் போடுவதில்லை. ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னிக்கு டேப்பு உருளை உன் மடியிலயே இருந்துச்சே அக்கா. அத வுட்டுட்டு தரையில கெடந்த வார ஏன் எடுத்தே?"

அக்கா வாரின் நுனியை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உருவினாள். ஒயர்கள் சரிந்தன.

"டேப்பு சுத்தி இருந்தா அவருக்கு எப்பிடிடா தெரிஞ்சிருக்கும்?" என்றாள்.